முந்நூற்றுப் பதினெட்டு மில்லிமீட்டர்

மூன்றாவது விதியில் வந்து நின்றுவிட்டாள் உலகம்மை. முதல் இரண்டும் தடையில்லாமல் வந்தன. ஒன்று, மழைப்பேட்டின் அன்றாடப் பதிவை அந்த மழையை அளந்தவர் மட்டுமே இடலாம்; காலை எட்டரைக்கு அளந்து ஒன்பதுக்குள் இட்டுவிட வேண்டும். இரண்டு, இட்டதில் பிழை கண்டால் இட்டவரே நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் திருத்திக்கொள்ளலாம். மூன்று, ஆண்டு முடிந்து நிலைப்பதிவில் ஏறிவிட்ட அளவுகளைத் திருத்தும் உரிமை யாருக்கு என்றால். அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அந்த 'என்றால்' பக்கத்தில் மடிக்கணினியின் சின்னக் கோடு மின்னி மறைந்து மின்னிக்கொண்டிருந்தது, புனலின் அடியில் விழவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல் தொங்கும் கடைசிச் சொட்டு மாதிரி. காப்பியில் ஆடை படிந்துவிட்டது. விரலால் ஓரமாக ஒதுக்கி ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போன காப்பிக்கு ஒரு இரும்பு ருசி. எட்டு நாற்பது. இருபது நிமிஷம் இருந்தது. இருபது நிமிஷத்தில் என்னென்னவோ செய்யலாம். கோயம்புத்தூரிலிருந்து இளம்பரிதி காலையிலேயே குரல் அனுப்பியிருந்தான். மழைப்பேடு என்கிற இந்த இணையதளத்தைக் கட்டி நடத்துகிறவன் அவன்தான். அவளிடம் படித்தவனில்லை என்றாலும் படித்தவன் மாதிரியே பேசுவான். "மிஸ், நாளைக்குத் தேதி பதினாலு. முகப்புல உங்க ரெக்கார்டு வர்ற நாள். அதுக்குள்ள இந்தச் சண்டைய முடிச்சிரலாம். யார் திருத்தலாம், யார் திருத்தக் கூடாதுன்னு தெளிவா நாலு வரி. ஒன்பது மணிக்கு எல்லாருக்கும் போகணும். நீங்க எழுதினா யாரும் வாயத் திறக்க மாட்டாங்க மிஸ்." வாயைத் திறக்க மாட்டார்கள். அது உண்மைதான். முப்பத்துநாலு வருஷம் கல்லூரியில் புவியியல் நடத்தினவள். அவள் வகுப்புக்குள் நுழைந்தால் மின்விசிறிச் சத்தம் கேட்கும்.

நாலு நாளைக்கு முன்னால் நடந்தது இது. மழைப்பேட்டில் தொள்ளாயிரம் பேர் இருக்கிறார்கள். ஆளுக்கொரு மழைமானியை மாடியிலோ முற்றத்திலோ நிறுத்தி, தினமும் காலையில் அளந்து, ஊர்ப் பேருக்கு நேரே எண்ணை இடுகிறவர்கள். அந்த எண்கள்தான் நிலைப்பதிவாகின்றன. பத்திரிகைக்காரனும் ஆராய்ச்சி மாணவனும் அங்கிருந்துதான் எடுக்கிறான். பதினைந்து வருஷமாக அந்த நிலைப்பதிவு பூட்டப்படாமலே கிடந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் உள்ளே கை விட்டு எந்த எண்ணையும் மாற்றியிருக்கலாம். ஒருவரும் கை விட்டுப் பார்க்கவில்லை, ஒருவருக்கும் தோன்றவில்லை. பிரமநாயகத்துக்குத் தோன்றியிருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முந்தைய நவம்பர் பதினாலு, செங்கோட்டை ரோடு, அளந்தவர் உலகம்மை, 318.0 என்று இருந்த கட்டத்தைக் காலி செய்துவிட்டு, அங்கே ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார். அளவு இல்லை என்று அர்த்தம். காரணம் எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. மழைப்பேட்டிலேயே ஒரே நாளில் பெய்த மிகப் பெரிய மழை அது. இளம்பரிதி ஒரு மணி நேரத்தில் பழைய எண்ணைத் திரும்ப வைத்துவிட்டான் என்றாலும், குழுவில் பற்றிக்கொண்டது. கிழவருக்குப் பொறாமை என்றான் ஒருவன். போஸ்ட் ஆபீசில் எத்தனை பேர் கடிதாசியை இப்படி மாற்றினாரோ என்றான் இன்னொருத்தன். கண்புரை முற்றிவிட்டால் பேரனை மடியில் வைத்துக்கொண்டு விளையாட வேண்டியதுதானே, பேட்டில் என்ன வேலை என்று ஒரு பெண், அதுவும் டாக்டர். உலகம்மை ஒவ்வொன்றாகப் படித்தாள். அந்தப் போஸ்ட் ஆபீஸ் வாக்கியத்துக்குச் சிரிக்கிற முகத்தைத் தொட்டாள். தொட்டுவிட்டு உடனே எடுத்தாள். எடுப்பதற்குள் இரண்டு பேராவது பார்த்திருப்பார்கள். பார்க்கட்டும் என்றும் இருந்தது, ஐயோ என்றும் இருந்தது, எது முதலில் வந்தது என்று யோசித்துக்கொண்டே ராத்திரிச் சோற்றுக்கு மோர் ஊற்ற மறந்தாள். மறுநாள் காலையில் இளம்பரிதியைக் கூப்பிட்டு, விதி வரும் வரைக்கும் அவரை உள்ளே விடாதே என்று சொன்னவளும் அவள்தான்.

பிரமநாயகத்தை அவளுக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. கிழக்கே நாலு கிலோமீட்டரில் இருக்கிறார், ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர், எழுபத்தொன்பது வயது. இரண்டு பேருடைய மழைமானியும் ஒரே பெட்டியில் வடக்கேயிருந்து ரயிலில் வந்து இறங்கியவை. அவர் பெயருக்குப் பக்கத்தில் பேட்டில் ஒரு எண் தொங்கும், இடைவிடாமல் பதிந்த நாட்கள் 5,487 என்று. தினமும் ஒன்று கூடும். ஒரு நாள் விட்டால் மறுநாள் ஒன்றிலிருந்து. தளம் தொடங்கிய நாளிலிருந்து ஒரு காலையைக்கூட விடாத ஒரே ஆள் அவர். மழையில்லாத சித்திரையிலும் எட்டரைக்குக் கம்பை ஊன்றிக்கொண்டு போய் காய்ந்த குப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்து 0.0 என்று இடுவார். அவளுடைய எண் அப்படி இல்லை. கணவர் திரவியம் இறந்த மறுநாளும் அதற்கு மறுநாளும் வீடு நிறைய ஆள். வெள்ளைச் சேலைக்காரிகள் கொல்லைப்புறம் முழுக்க உட்கார்ந்து வெற்றிலை மென்றார்கள். மழைமானியின் மேல் யாரோ ஈரத் துண்டைக் காயப் போட்டிருந்தார்கள். இரண்டு கோடு விழுந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் பிரமநாயகத்தின் பெண்டாட்டி செத்தபோது இவள் போயிருந்தாள். பிணம் நடுவீட்டில். எட்டரை அடித்தது. மனுஷன் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொல்லைக்குப் போய் அளக்கிறார். சொந்தக்காரன் ஒருத்தன் சத்தமாகவே சொன்னான், "பொஞ்சாதியத் தூக்கணும், இவரு மூத்திரத்த அளந்துகிட்டு நிக்காரு பாரு." எல்லோரும் சிரித்தார்கள், துக்க வீட்டில் சிரிக்கிற சிரிப்பு, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு. உலகம்மை சிரிக்கவில்லை. நம்மைப் போல ஒருத்தர் என்று நினைத்தாள். நினைத்த அடுத்த நிமிஷமே இல்லை என்று தெரிந்தது. அவர் வெளியே வந்தபோது உள்ளேயிருந்து கூப்பிட ஆள் இல்லை.

கூப்பிடுவது. அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் போனால் மனசு சைக்கிள் சங்கிலி மாதிரிக் கழன்றுவிடுகிறது. அவள் தலையைத் தூக்கினாள். எதிர்ச் சுவரில் திரவியத்தின் படம், மாலை, மேலே சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி எரிகிற சின்ன பல்பு. படத்துக்குக் கீழே பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ்: ஒரே நாளில் அதிகபட்ச மழைப் பதிவு, 318.0 மி.மீ., திருமதி ச. உலகம்மை. மதுரையில் கூடிய ஆண்டு விழாவில் மேடையில் ஏற்றிக் கொடுத்தது. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த மகள் நித்யகல்யாணிதான் ஆணியடித்து மாட்டினாள். "ரெண்டும் ஒரே தேதி லாம்மா. ஒண்ணா இருக்கட்டும்." அதனால் ஒன்றாக இருக்கின்றன. பல்பு சிவப்பாகும்போது அவர் முகமும் பச்சையாகும்போது எண்ணும் தெரிகிற மாதிரி ஒரு கோணத்தில் இவள் நாற்காலி கிடக்கிறது. நாற்காலி கிடக்கும் இடத்தில் முன்னால் அவர் கட்டில் கிடந்தது. வாதத்தில் வலது பக்கம் விழுந்து இரண்டு வருஷம். கூட்டுறவு வங்கியில் மேனேஜராக இருந்த மனுஷன், வாய் கொள்ளாத பேச்சுக்காரர், அவளுடைய மாணவிகளுக்கு முன்னாலேயே, "ஒங்க மிஸ் உலகம் பூரா கையில வச்சிருப்பா, உப்பு எங்க இருக்குன்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு, அந்தப் பிள்ளைகள் சிரிக்கலாமா கூடாதா என்று முழிப்பதைப் பார்த்து ரசிக்கிறவர். விழுந்தபோது அவருடைய சொற்கள் எல்லாம் போயின. ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியது. நாற்பது வருஷமாக அவளை அழைத்த சொல். பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது. ஏளா. தண்ணீருக்கு ஏளா. ஈ உட்கார்ந்தால் ஏளா. படுக்கை நனைந்தால் ஏளா. திருநெல்வேலியில் ஆடு மேய்க்கிறவன்கூட இப்போது பெண்டாட்டியை அப்படிக் கூப்பிடுவதில்லை. எத்தனையோ நல்ல சொற்கள் கிடந்த அந்த மண்டைக்குள் ரத்தக் குழாய் வெடித்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய், இந்த ஒன்றை மட்டும் கரையில் ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறது. ஜன்னல் திறந்திருந்ததா, சாத்தியிருந்ததா. அதோ, மறுபடியும். அப்பா போன செய்தி கேட்டு வந்து இறங்கிய கல்யாணி அன்றைக்கு மூன்றே கேள்விதான் கேட்டாள். "எவ்வளவு நேரம்மா வெளிய நின்ன? அப்பா கூப்பிட்டது கேக்கலியா? ஜன்னல் சாத்தியிருந்துச்சா?" இருபது நிமிஷம், பெருமழை, அளந்துகொண்டிருந்தேன், கேட்கவில்லை, சாரல் அடித்ததால் சாத்தியிருந்தேன். சாரல். மழை விடியற்காலை ஆறு மணிக்கே விட்டுவிட்டது. கல்யாணிக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரிந்தது பேட்டில் ஏறியிருந்த எண். கைப்பேசியில் அதைப் பார்த்தாள். "முந்நூத்திப் பதினெட்டா! பதினாறு கிளாஸ் அளந்தியாம்மா? பாவம்மா நீ" என்று இவள் கைகளை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கைகளை. அளவுக் கண்ணாடிக் குவளை ஒன்றில் இருபது மில்லிமீட்டர்தான் பிடிக்கும். குப்பித் தண்ணீரைக் குவளை குவளையாகத்தான் அளக்க வேண்டும். குவளைக்கு ஒரு நிமிஷத்துக்கு மேலாகும். முந்நூறு பெய்தால் இருபது நிமிஷம். நூறு பெய்தால் ஏழு. அந்த எண் இருக்கும் வரைக்கும் அந்த இருபது நிமிஷத்துக்கும் கணக்கு இருக்கிறது.

எட்டு நாற்பத்தெட்டுக்குக் கைப்பேசி அடித்தது. பிரமநாயகம். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள். "டீச்சரம்மா, பிரமநாயகம் பேசுதேன்." "சொல்லுங்க அண்ணாச்சி." "பேட்டுக்குள்ள போவ முடியலம்மா. பேரப் போட்டாச்சு, கடவுச்சொல்லப் போட்டாச்சு, ஒரு வட்டம் சுத்திக்கிட்டே நிக்கி, கறிக்கடை வாசல்ல நாய் சுத்துன மாதிரி." அவரே சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது. "கண்ணாடியத் தொடச்சுத் தொடச்சுப் பாத்துட்டேன். எனக்குத்தான் கண்ணு தெரியலயா, இல்ல வெளிய தள்ளிட்டாங்களா?" விதி வரும் வரை அனுமதியை நிறுத்தி வைத்திருக்கிறது என்று சொன்னாள். வைத்திருக்கிறார்கள் என்றுகூடச் சொல்லவில்லை. வைத்திருக்கிறது, தானாக நின்ற மாதிரி. "அது சரி. செஞ்சவன நிறுத்தாம பக்கத்து வீட்டுக்காரனையா நிறுத்துவாங்க. அத விடுங்க. இன்னைக்கு உள்ளதப் போட்ரணும் லா. இருபத்திமூணு புள்ளி நாலு. நீங்க என் பேர்ல போட்டுவிட்ருங்க, உங்களுக்கு அந்த அனுமதி இருக்கு லா. ஒம்பதாகப் போவுது. நேத்தும் முந்தாநாளும் பரிதித் தம்பி போட்டுவிட்டான், இன்னைக்கு அவன் போன எடுக்கல." குரலில் அவசரம் தெரியாமல் பேசப் பார்க்கிறார். தெரிந்தது. பால்காரன் போய்விடுவானோ என்று படியிறங்கும் குழந்தையின் அவசரம். கேட்கக் கூடாது என்றிருந்ததைக் கேட்டாள். "எதுக்கு அண்ணாச்சி அத அழிச்சீங்க?" அந்தப் பக்கம் ஒரு குயிலோ காக்கையோ கத்தியது. "நாளைக்குத் தேதி பதினாலு லாம்மா. வருஷா வருஷம் அந்தப் பய முகப்புல எழுதி வைக்கான், இதே நாளில் சாதனை, வாழ்த்துகள்னு. கீழ நூறு பேரு கை தட்டுதான், பட்டாசு விடுதான். சார் போன நாளு. யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும் லா, நான் வந்திருந்தேன்ல. எனக்கே பாக்கச் சங்கடமா இருக்கு, உங்களுக்கு எப்படி இருக்கும். எடுத்துட்டா அந்த வாழ்த்து வராதுன்னுதான். காரணம் எழுதலாம்னு பாத்தேன். டீச்சரம்மா வீட்டுத் துக்கத்த ஊருக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

அவள் தம்ளரின் விளிம்பில் ஒட்டியிருந்த ஆடையை நகத்தால் சுரண்டினாள். பதில் வராததை அவர் அழுகையென்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும், குரலைத் தணித்தார். "கோவப்படாதீங்க, ஒண்ணு சொல்லுதேன். அன்னைக்கு எனக்கு நூத்திமூணு. தென்காசில தொண்ணூத்தெட்டு. உங்களுக்கு முந்நூத்திப் பதினெட்டு. அத மூணால வகுத்தா நூத்தியாறு. சரியா வருது பாத்தீங்களா? மிச்சம் இல்லாம." உலகம்மையின் உள்ளங்கையில் கைப்பேசி வழுக்கியது. "அளந்ததையே மறுபடி அளந்திருப்பீங்க. கை நடுங்குற நேரம். நானும் செஞ்சிருக்கேன், அவ போன அன்னைக்கு. ரெண்டு தடவ அளந்து ரெண்டையும் கூட்டிப்புட்டேன். மறுநாள் ஞாபகம் வந்து பாதியா வகுத்துத் திருத்தினேன். நீங்க திருத்துற நெலமையில இல்ல. அவ்ளோதான். இத நான் பதினோரு வருஷமா யார்ட்டயும் சொல்லல. இப்பவும் சொல்லல. நீங்களே ஒரு வார்த்த, நூத்தியாறுன்னு போடுப்பான்னு சொன்னா, பரிதித் தம்பி போட்ருவான். சாதனையும் இல்ல, வாழ்த்தும் இல்ல, நாளைக்கு நீங்க நிம்மதியா ஒரு வெளக்கப் பொருத்தி வச்சிட்டு இருக்கலாம்." எவ்வளவு நல்ல மனுஷன். நல்ல மனுஷர்களிடம் அவளுக்கு எப்போதும் ஒரு வெறுப்பு உண்டு. அவர்கள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிடுகிறார்கள். "சரி அண்ணாச்சி" என்றாள். "பாக்கேன்." "இருபத்திமூணு புள்ளி நாலு." "போட்டுடுதேன்." "மறந்துராதீங்க டீச்சரம்மா. எனக்கு இப்ப அது ஒண்ணுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, சொன்னதற்கு வெட்கப்பட்டவர் மாதிரி, "சாப்ட்டீங்களா" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் வைத்தார்.

மிச்சம் இல்லாமல். ஐந்து குவளை நிறைய, ஆறாவதில் ஆறு கோடு. முதல் சுற்று. இந்த ஜன்னலுக்கு வெளியே, இதோ அந்த நாரத்தை மரத்துக்கு இந்தப் பக்கம், மழைமானி இப்போதும் அங்கேதான் நிற்கிறது. மழை விட்ட காலை. கழுவிவிட்ட மாதிரி வெளிச்சம். இலையெல்லாம் சொட்டு. நான்காவது குவளையில் முதல் ஏளா. கேட்டது. நன்றாகக் கேட்டது. வழக்கமான ஏளா இல்லை அது. அடியில் ஒரு கொரகொரப்பு, தொண்டையில் எதுவோ அடைத்த மாதிரி. இதை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். அதில் தப்பில்லை. யாரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஐந்து, ஏளா, ஆறு. முடிந்தது. வாளியில் அளந்து ஊற்றிய தண்ணீர், மேலே ஒரு நாரத்தை இலை மிதக்கிறது. போயிருக்க வேண்டும். இருபது எட்டுதான், பின்வாசல் படி மூன்று. அவள் இலையை எடுத்துப் போட்டாள். வாளியைத் தூக்கி, தண்ணீரைப் புனல் வழியாகக் குப்பிக்குள் திரும்ப ஊற்றினாள். சிந்தாமல் ஊற்றினாள். சந்தேகம் வந்தால் மறுபடி அளக்க வேண்டும் என்று எத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். என்ன சந்தேகம்? ஒரு சந்தேகமும் இல்லை. ஏழு என்று எண்ணினாள். ஒன்று என்று எண்ணவில்லை, ஏழு என்றுதான் எண்ணினாள். ஏளா. எட்டு. ஏளா. ஒன்பது. இடையில் இருக்கிற அந்த நேரம் நீளுவதைக் கவனித்தாள். இடி தள்ளிப் போகிறதா பக்கத்தில் வருகிறதா என்று எண்ணிப் பார்க்கிற மாதிரி. தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் ஒரு தடவை. அது முழுச் சொல்கூட இல்லை, முதல் எழுத்து மட்டும். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அப்போதாவது போயிருக்கலாம். மறுபடி வாளியைத் தூக்கினாள். மூன்றாவது சுற்றையும் அளந்தாள். அந்தச் சுற்றில் யாரும் கூப்பிடவில்லை. அவ்வளவு அமைதி அந்தக் கொல்லையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கண்ணாடிக் குவளையில் தண்ணீரின் மேல்வளைவைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, மூச்சை அடக்கி, கோட்டைப் படித்தாள், ஆறு. குவளை பதினெட்டு. குறித்துக்கொண்டாள். எண் பொய்யில்லை. அத்தனை குவளையும் அவள் அளந்தாள். தண்ணீர்தான் ஒரே தண்ணீர். ஜன்னல் திறந்திருந்தது. ஆமாம். திறந்துதான் இருந்தது, கொக்கி போட்டு, முழுக்க. அவர் தலை இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. வாளியிலிருந்து அவள் திரும்ப ஊற்றியதைப் பார்த்திருப்பார். இரண்டு தடவை. வங்கிக்காரர். கணக்கு எங்கே இடிக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் பிடிக்கிறவர். சொல்வதற்கு அவரிடம் அந்த ஒரு சொல்தான் இருந்தது.

எட்டு ஐம்பத்தாறு. நூற்றாறு என்று மாற்றினால் என்ன? ஒன்றுமில்லை. தொள்ளாயிரம் பேருக்கு ஒன்றுமில்லை. மஸ்கட்டில் ஒருத்திக்கு மட்டும். அவள் தினமும் அலுவலகம் போகிற வழியில் பேட்டைப் பார்க்கிறவள், அம்மா ஊரில் மழையா என்று. நூற்றாறு என்றால் ஆறு குவளை, ஆறு குவளை என்றால் ஏழு நிமிஷம், மிச்சம் பதின்மூன்று நிமிஷம் எங்கேம்மா என்று கேட்பாள். கேட்க மாட்டாள். கேட்காமலிருப்பாள், அது இன்னும் மோசம். நாற்பத்தாறு வயசில் ராத்திரி தூங்காமல் கூரையைப் பார்த்து அந்தப் பதின்மூன்று நிமிஷத்தைக் கையில் வைத்து உருட்டுவாள். அப்படியே விட்டாலும் அந்த மனுஷருக்கு வகுக்கத் தெரிந்திருக்கிறது. துக்கம் என்று வகுத்திருக்கிறார். இன்னும் ஒரு வருஷம் உட்கார்ந்து யோசித்தால் வேறு மாதிரியும் வகுப்பார். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது, விரல்கள் எவ்வளவு லேசாக ஓடுகின்றன என்று. மூன்று, நிலைப்பதிவில் ஏறிவிட்ட அளவுகளைத் திருத்தும் உரிமை யாருக்கு என்றால், யாருக்கும் இல்லை. அளந்தவரே கேட்டாலும் இல்லை. நிர்வாகியும் அதற்கு விலக்கல்ல. நான்கு, பிறர் பதிவில் கை வைத்தவர் இனி எதையும் பதிய முடியாது. அவர் சார்பாக மற்றவர் பதிவதும் முதல் விதிப்படி செல்லாது. பழைய மாணவியின் விடைத்தாளைத் திருப்புவது போல ஒரு முறை மேலிருந்து கீழே படித்தாள். அளந்தவரே கேட்டாலும் என்ற இடத்தில் ஒரு கணம் நின்றாள். அந்த ஒரு தொடரை எடுத்துவிட்டால் ஒரு வழி இருக்கும். ஒரு ஊசித் துவாரம். செத்துப்போகும் முன்னால் என்றைக்காவது ஒரு காலையில். எடுக்கவில்லை. நன்றாக வந்திருந்தது வாக்கியம். அனுப்பினாள். எட்டு ஐம்பத்தெட்டு. பக்கத்தில் இன்னொரு பக்கம் திறந்திருந்தது, பிரமநாயகம் என்ற பெயருக்கு நேரே இன்றைய கட்டம், வெறுமையாக. இருபத்திமூன்று புள்ளி நான்கு. மூன்று இலக்கம், ஒரு புள்ளி. கட்டத்துக்குள் சின்னக் கோடு மின்னியது, மறைந்தது, மின்னியது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். செல்லாது என்றுதானே விதி சொல்கிறது. எழுதினவளே மீறலாமா. ஒன்பதுக்கு, ஒரு சத்தமும் இல்லாமல், கட்டத்தில் கோடு விழுந்தது. பெயருக்குப் பக்கத்தில் 5,487 இருந்த இடத்தில் ஒரு சைபர் வந்து உட்கார்ந்தது.

கைதட்டல்கள் வரத் தொடங்கின. தெளிவு, அருமை மிஸ், இப்படித்தான் இருக்கணும். இளம்பரிதி எழுதினான், பூட்டியாச்சு மிஸ், இனி நானே நெனச்சாலும் திறக்க முடியாது, நாளைக்கு முகப்பை ஜமாய்ச்சிரலாம். மஸ்கட்டிலிருந்து ஒரு இதயம் வந்தது, அம்மா ரெக்கார்ட இனி யாரும் தொட முடியாது என்று. சுவரில் பல்பு பச்சையானது. வெளியே தூறல் பிடித்திருந்தது. மழைமானியின் தகரப் புனலில் ஒவ்வொன்றாக விழுவது, ஜன்னல் திறந்திருந்ததால், துல்லியமாகக் கேட்டது. ஒன்பது ஆறுக்குக் கைப்பேசி அடித்தது. பிரமநாயகம். மேஜையில் அது நடுங்கி நடுங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பை நோக்கி நகர்ந்தது. கையெட்டும் தூரம்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவளையறியாமல் உள்ளே ஒரு குரல் எண்ணியது. ஆறோடு நின்றது. காப்பித் தம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்தாள். மறுபடி அடித்தது. ஏழு, எட்டு, ஒன்பது. பன்னிரண்டாவது முழுசாக அடிக்கவில்லை, பாதியில் அறுந்தது. மூன்றாம் தடவை அடிக்கவில்லை. உலகம்மை முதுகை நேராக்கி, தூறலைக் கேட்டபடி, பதின்மூன்று என்று தொடங்கி, ஒன்றையும் விடாமல், பதினெட்டு வரைக்கும் எண்ணி முடித்தாள்.